650 ட்வினுக்கு எந்த பிஸ்டன், எவ்வளவு கம்ப்ரஷன்?

ராயல் என்ஃபீல்டு 650 ட்வின் இஞ்சினைத் திறந்து வேலை பார்க்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்பது "எந்த பிஸ்டன் போடலாம்?" என்றுதான். அடுத்த மூச்சில் "11 கம்ப்ரஷன் போதுமா, இல்லை 12 வரைக்கும் போகலாமா?" என்பார்கள். சிலிண்டருக்குள் வரும் பெட்ரோல் காற்றைப் பிஸ்டன் எத்தனையில் ஒரு பங்காக அமுக்குகிறது என்பதுதான் கம்ப்ரஷன். வண்டி எங்கே ஓடப்போகிறது, எந்த பங்க்கில் பெட்ரோல் போடப்போகிறீர்கள், கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்றுகிற எண்ணம் உண்டா என்ற மூன்றும் தெரியாமல் இதற்குப் பதில் சொன்னால், அது பிஸ்டன் விற்பவரின் பதிலாகத்தான் இருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் ரோட்டில் ஓடும் வண்டியில் கேமை மாற்றப்போவதில்லை என்றால் கம்ப்ரஷனையும் தொடாதீர்கள். கேமை மாற்றினால் 10.5 வைத்து, 4032 என்ற அலுமினியக் கலவையை அழுத்திச் செய்த ஃபோர்ஜ்டு பிஸ்டன் போடுங்கள். காசு இருந்து, உண்மையிலேயே இழுவை வேண்டும் என்றால் போரை, அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தை, பெரிதாக்குங்கள். 11-ஐத் தாண்டுவது ரேஸ் டிராக் ஆட்களுக்கு.

ஏன் என்று கணக்கோடு பார்ப்போம்.

2018-ல் இந்த இஞ்சின் விற்பனைக்கு வந்தபோது சொன்ன அளவுகள் இவை: போர் 78 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 67.8 மி.மீ., இரண்டு சிலிண்டரும் சேர்த்து 648 சிசி, கம்ப்ரஷன் 9.5, பவர் 47 குதிரைசக்தி. ஒரு சிலிண்டருக்கு 324 சிசி. கம்ப்ரஷன் 9.5 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் 38.1 சிசி. அதையே 10.5 ஆக்க வேண்டுமானால் அந்த இடத்தை 34.1 சிசி ஆகக் குறைக்க வேண்டும். 11.5-க்கு 30.9 சிசி. ஆக, 9.5-க்கும் 10.5-க்கும் நடுவில் இருப்பது 4 சிசி. ஒரு டீஸ்பூன் கூட நிறையாது. பிஸ்டனின் தலை மேட்டை வைத்து இந்த 4 சிசியை அடைக்கத்தான் அத்தனை செலவும்.

அந்த 4 சிசிக்குக் கிடைப்பது என்ன? கம்ப்ரஷன் ஒரு புள்ளி ஏறினால் பவர் ஏறத்தாழ 3 சதவீதம் ஏறும். 47 குதிரைசக்தியில் 3 சதவீதம் என்பது ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. காலையில் ஒருமுறை, மத்தியான வெயிலில் ஒருமுறை டைனோவில் (பவர் அளக்கும் மெஷினில்) ஏற்றினாலே அந்த அளவு வித்தியாசம் காட்டும். 9.5-லிருந்து 10.5-க்குப் போவதை விட 10.5-லிருந்து 11.5-க்குப் போகும்போது கிடைப்பது இன்னும் குறைவு. ஆபத்து மட்டும் கூடிக்கொண்டே போகும். இதையே போர் கணக்கோடு வைத்துப் பாருங்கள். 78 மி.மீ. போரை 84 ஆக்கினால் இஞ்சின் 751 சிசி ஆகிவிடும். 16 சதவீதம் அதிகம். எது பெரிய லாபம் என்று சொல்லவே வேண்டாம்.

அப்படியானால் கம்ப்ரஷனை யார்தான் ஏற்றுகிறார்கள்? கேம் மாற்றுகிறவர்கள். இந்த இரண்டும் ஒரு ஜோடி. இதைப் பிரித்துப் பேசுவதால்தான் பல வண்டிகள் வீணாகின்றன.

கம்பெனி தாளில் இருக்கும் 9.5 என்பது, பிஸ்டன் அடியிலிருந்து கிளம்பியதுமே அமுக்கத் தொடங்குகிறது என்று வைத்துப் போட்ட எண். உண்மையில் பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்லெட் வால்வு கொஞ்ச நேரம் திறந்தேதான் இருக்கும். அது மூடிய பிறகுதான் அமுக்கம் ஆரம்பம். ஒரு பேச்சுக்கு, பிஸ்டன் அடியைத் தொட்ட பிறகு கிராங்க் 60 டிகிரி சுற்றியதும் வால்வு மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது மிச்சமிருப்பது ஸ்ட்ரோக்கில் சுமார் 80 சதவீதம்தான். 324 சிசியில் 259 சிசி. அதையும் தலைக்கு மேலுள்ள 38.1-ஐயும் சேர்த்து 38.1-க்குள் அமுக்கினால் நிஜக் கம்ப்ரஷன் 7.8. கேமைத் தொடாமல் பிஸ்டனை மட்டும் 10.5-க்கு மாற்றினால் 8.6. 11.5-க்கு மாற்றினால் 9.4. ஏர்கூல்டு இஞ்சினுக்கு, நம் ஊர் வெயிலில், 9.4 என்பது கையில் தீப்பெட்டியோடு ஓட்டுவதுதான்.

சரி, இப்போது கேமையும் மாற்றுகிறீர்கள். புதிய கேமில் வால்வு 70 டிகிரியில் மூடுகிறது என்று வைத்துக்கொண்டால், மிச்ச ஸ்ட்ரோக் 73 சதவீதம். பழைய 9.5 பிஸ்டனோடு விட்டால் நிஜக் கம்ப்ரஷன் 7.2 ஆக இறங்கிவிடும். "கேம் போட்டதும் கீழே பிக்கப் போயே போச்சு" என்று புலம்புவது இதனால்தான். அங்கே 10.5 பிஸ்டனைப் போட்டால் 7.9. ஏறத்தாழ கம்பெனி கொடுத்த இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோம். கீழ் ஆர்பிஎம்-மில் இழுவை அப்படியே இருக்கும், மேலே கேம் தன் வேலையைச் செய்யும், நாக்கிங் தொல்லையும் அதிகமாகாது. 10.5 என்று நான் சொல்வது இந்தக் கணக்கில்தான். உங்கள் கேம் தாளில் வேறு டிகிரி இருந்தால் எண்ணும் மாறும். அந்தத் தாளில் வால்வு மூடும் டிகிரியைப் போடாமல் லிஃப்ட்டை (வால்வு எவ்வளவு உயரம் திறக்கும் என்பதை) மட்டும் போட்டு விற்பவரிடம் கேம் வாங்காதீர்கள்.

நாக்கிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வண்டியில் அது வேறு வழியாக வரும். பிளக் பற்றவைத்த தீ பரவி முடிப்பதற்குள், ஓரத்தில் மிஞ்சியிருக்கும் பெட்ரோல் காற்று தானாகவே வெடிப்பதுதான் நாக்கிங். சூடும் லோடும் கூடி, ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது அதற்குக் கொண்டாட்டம். 650 ட்வினை விற்றதே "2,500 ஆர்பிஎம்-மிலேயே 80 சதவீத டார்க்" என்று சொல்லித்தான். அதனால் ஓட்டுகிறவர்கள் கியர் இறக்க சோம்பல்படுவார்கள். சென்னை கத்திப்பாரா நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து வந்து, ஆயில் கொதித்துக்கொண்டிருக்கும்போது, நாலாவது கியரிலேயே 2,500-ல் த்ராட்டிலை முழுசாகத் திருகுவார்கள். கம்பெனி 9.5-ல் இஞ்சின் அதைப் பொறுத்துக்கொள்ளும். நீங்கள் வைக்கும் 11.5-ல் பொறுக்காது. 7,000-ல் ஓடும் ரேஸ் வண்டிக்கு அந்த எண் ஒத்துவருவதும், சிக்னலில் நிற்கும் வண்டிக்கு ஒத்துவராததும் இதனால்தான்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, பின்னால் ஆள், பெட்டி நிறைய சாமான். அங்கே பிரச்சனை இல்லாமல் ஏறினால்தான் அந்தக் கம்ப்ரஷன் ரோட்டுக்கு ஆனது. ஊட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு "நாக்கிங்கே இல்லை" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே முக்கால் பங்கு சொச்சம்தான். அங்கே எந்த இஞ்சினும் சாதுவாகத்தான் இருக்கும். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி வந்து சொல்லட்டும்.

"ஹிமாலயன் 450-ல் கம்பெனியே 11.5 கொடுக்கிறதே?" என்பார்கள். கொடுக்கிறது. அது தண்ணீரால் குளிரும் இஞ்சின். ஹெட்டின், அதாவது சிலிண்டரின் மேல் மூடியின், சூடு ஓரளவுக்கு மேல் ஏறாது. 11.5-க்கென்றே அறையும் கேமும் இக்னிஷனும் வடிவமைத்திருக்கிறார்கள். 650-ன் சரியான ஜோடியைப் பார்க்க வேண்டுமானால் ட்ரையம்ஃப்பின் பழைய ஏர்கூல்டு 865 சிசி ட்வினைப் பாருங்கள். அதில் 9.2. இரண்டு கம்பெனியின் எஞ்சினியர்களும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நின்றது தற்செயல் இல்லை.

பெட்ரோல் விஷயம். ஆக்டேன் எண் கூடக் கூட பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும். நம் பங்க்குகளில் கிடைத்த சாதாரண பெட்ரோல் 91 ஆக்டேன். 20 சதவீத எத்தனால் கலப்பால் அது 95 ஆகிவிட்டது என்று 2025-ல் பெட்ரோலிய அமைச்சகம் சொன்னது. எத்தனால் நாக்கிங்கைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அதை இலவசக் கம்ப்ரஷன் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. எத்தனால் கலந்தால் அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் அதிக எரிபொருள் வேண்டும். மேப்பிங் (எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்ற அட்டவணை) சரியில்லை என்றால் கலவை வறண்டு, சூடு கூடும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். 100 ஆக்டேன் இருக்கிறதே என்றால், 2020-ல் இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 வந்தபோதே டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். எல்லா ஊரிலும் கிடைக்கவும் செய்யாது. நீங்கள் போகும் பாதையில் இருக்கும் மோசமான பங்க் எதுவோ அதற்குத்தான் இஞ்சினைக் கட்ட வேண்டும்.

இனி பிஸ்டனுக்கு வருவோம்.

பிஸ்டனே மாற்றாமல் கம்ப்ரஷன் ஏற்றும் வழி ஒன்று உண்டு. ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் மெல்லிய கேஸ்கெட் போடுவது அல்லது ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்துச் சீவுவது. 78 மி.மீ. போரில் 0.1 மி.மீ. குறைத்தால் 0.48 சிசி குறையும். கேஸ்கெட்டில் 0.4 மி.மீ. குறைத்தால் 9.5 என்பது 9.95 ஆகும்; ஹெட்டில் 0.5 மி.மீ. சீவினால் 10-ஐக் கொஞ்சம் தாண்டும். செலவு மிகக் குறைவு. பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி குறுகுவதால் கலவை நன்றாகக் கலங்கி, நாக்கிங் கூட ஓரளவு குறையும். அந்த இடைவெளி 0.8 மி.மீ.க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹெட் கீழே இறங்கினால் கேம் செயின் கணக்கும் மாறி, வால்வு டைமிங் சற்றுப் பின்தங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. நான் இரண்டில் கேஸ்கெட்டைத்தான் சொல்வேன். ஒத்துவரவில்லை என்றால் பழையதைத் திரும்பப் போடலாம். சீவிய ஹெட்டை ஒட்ட முடியாது.

பிஸ்டனை மாற்றுவது என்றால் மூன்று வகை. கம்பெனியிலிருந்து வரும் ரோட்டு வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது காஸ்ட் பிஸ்டன், அதாவது அச்சில் ஊற்றியது. இதை மட்டம் என்று நினைக்காதீர்கள். சிலிக்கான் அதிகம் என்பதால் சூட்டில் அதிகம் விரியாது. சிலிண்டரோடு நெருக்கமாகப் பொருத்தலாம், சத்தம் வராது, பல்லாயிரம் கிலோமீட்டர் தேயாமல் ஓடும். அதன் ஒரே பலவீனம் நாக்கிங். அடி தாங்காமல் ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு உடையும். உடைந்த துண்டு சிலிண்டரைக் கீறிவிட்டுத்தான் வெளியே வரும்.

அடுத்தது ஃபோர்ஜ்டு. பழுக்கக் காய்ச்சிய அலுமினியக் கட்டியைப் பிரஸ்ஸில் அழுத்திச் செய்வது. இதில் 4032, 2618 என்று இரண்டு உலோகம். 4032-ல் சிலிக்கான் சுமார் 12 சதவீதம். 2618-ல் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 78 மி.மீ. பிஸ்டன் 150 டிகிரி சூடேறினால் 4032 சுமார் 0.22 மி.மீ. விரியும், 2618 சுமார் 0.26. அந்த 0.04 மி.மீ. இடத்தை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும், இல்லை என்றால் ஜாம். விட்டுவைத்தால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் பிஸ்டன் லூசாக ஆடி, டக் டக் என்று சத்தம் வரும். சூடேறியதும் நின்றுவிடும் என்று மெக்கானிக் சொல்வார்; நிற்கவும் செய்யும். ஆனால் தினம் இரண்டு மூன்று முறை குளிர்ந்து சூடேறும் வண்டியில் அந்த ஆட்டம் ரிங்கையும் பிஸ்டன் பாவாடையையும் (அதன் கீழ்ப் பக்கச் சுவரையும்) தேய்த்துக்கொண்டே இருக்கும். மூன்று கிலோமீட்டர் ஆபீஸ் போய் வரும் வண்டியில் அது முழுசாகச் சூடேறுவதே இல்லை.

2618 நெகிழும். நாக்கிங் வந்தால் உடையாமல் நசுங்கும். டர்போ, நைட்ரஸ், டிராக் என்று இஞ்சினைப் படுத்தி எடுப்பவர்களுக்கும், ஒவ்வொரு சீசனுக்கும் பிரித்துப் பார்ப்பவர்களுக்கும் அதுதான் சரி. ரோட்டில் 40,000 கிலோமீட்டர் திறக்காமல் ஓட்ட நினைப்பவருக்கு 4032. "2618 தான் ஸ்ட்ராங், அதையே போடு" என்று கடையில் சொல்வார்கள். அந்த ஸ்ட்ராங் உங்களுக்குத் தேவைப்படும் நிலைமை வந்தால், கோளாறு பிஸ்டனில் இருக்காது, டியூனிங்கில் இருக்கும்.

போரைப் பெரிதாக்குவது தனிக் கதை. 84 மி.மீ. போட்டால் ஒரு சிலிண்டர் 375.7 சிசி. ஹெட்டைத் தொடாமல் அதே 38.1 சிசி இடத்தை விட்டாலே கம்ப்ரஷன் தானாக 10.9-க்குப் போய்விடும். இதைப் பலர் கவனிப்பதில்லை. பெரிய போரும் வேண்டும், மேடு வைத்த பிஸ்டனும் வேண்டும் என்று வாங்கிவிட்டு, 12-ஐத் தாண்டியது ஏன் என்று விழிப்பார்கள். 84-ல் 10.5 வேண்டுமானால், பிஸ்டன் தலை மேடாக இல்லாமல் ஒன்றரை சிசி அளவுக்குக் குழிவாக இருக்க வேண்டும். தட்டையான அல்லது குழிந்த தலையில் தீ தடையில்லாமல் பரவும் என்பது கூடுதல் லாபம். செலவுதான் உதைக்கும். சிலிண்டர், பிஸ்டன், கேஸ்கெட், மேப்பிங், கிளட்ச் ஸ்பிரிங் என்று நீளும். 16 சதவீதம் அதிகம் எரித்தால் 16 சதவீதம் அதிகச் சூடு. ஆயில் கூலர் மட்டும் பழைய அளவுதான். அப்புறம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் பதிந்ததற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 648 என்று எழுதிய ஆர்.சி.யோடு 751 சிசி வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி என்ன சொல்லும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும், பெட்டியில் போட்டிருக்கும் கம்ப்ரஷனை நம்பி மூடாதீர்கள். அளந்து பாருங்கள். ஹெட்டைத் தலைகீழாக வைத்து, வால்வும் பிளக்கும் மாட்டி, விளிம்பில் கிரீஸ் தடவி, நடுவில் ஓட்டை போட்ட அக்ரிலிக் தகட்டை ஒட்டி, மருந்துக்கடை ஊசிக்குழாயில் மண்ணெண்ணெய் எடுத்துச் சொட்டுச் சொட்டாக நிரப்பினால், எத்தனை சிசி பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். பிஸ்டன் பக்கமும் அப்படியே. இரண்டு சிலிண்டருக்கும் அரை சிசிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அடுத்து, பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, ஹெட்டை மாட்டி, இஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, திரும்பக் கழற்றி, வால்வு பதிந்த இடத்தைப் பிளேடால் வெட்டிப் பாருங்கள். இன்லெட் பக்கம் ஒன்றரை மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் இரண்டு மி.மீ. கனம் மிஞ்சினால் நிம்மதி. கேமும் மாற்றி, மேடு வைத்த பிஸ்டனும் போட்டிருந்தால் இதைச் செய்யாமல் செல்ஃப் பட்டனைத் தொடவே கூடாது.

பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகுதான் சிலிண்டரை ஹோனிங்குக்கு (உள்சுவரைத் தேய்த்துச் சரியான அளவுக்குக் கொண்டுவர) கொடுக்க வேண்டும். இடைவெளி எவ்வளவு என்பதைப் பிஸ்டனோடு வரும் தாள்தான் சொல்லும், பட்டறைக்காரரின் வழக்கம் அல்ல. பூச்சு போட்ட சிலிண்டர் என்றால் அதற்கேற்ற ரிங்கா என்று பாருங்கள். மேல் ரிங்கின் வாய் இடைவெளி 78 போருக்கு 0.31 முதல் 0.35 மி.மீ. இருக்கட்டும். இரண்டு பிஸ்டனையும் பின், ரிங்கோடு சேர்த்துத் தராசில் வையுங்கள். ஒரு கிராமுக்குள் ஒத்துப்போக வேண்டும். பின் நழுவாமல் பிடித்திருக்கும் பழைய சர்க்ளிப்பைத் திரும்பப் போடாதீர்கள்.

இக்னிஷனைப் பலர் கோட்டை விடுவார்கள். கம்ப்ரஷன் ஏறினால் கலவை வேகமாக எரியும், ஸ்பார்க் கொஞ்சம் தாமதமாக வர வேண்டும். கம்பெனி ஈசியூவில் (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரில்) இருப்பது 9.5-க்கு எழுதிய மேப். வெளியில் இருந்து மாட்டும் சில பெட்டிகள் பெட்ரோலை மட்டும்தான் கூட்டிக் குறைக்கும், ஸ்பார்க்கைத் தொடாது. அப்படிப்பட்ட பெட்டியை நம்பி 11 வைத்தால், மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். வாங்கும்போதே கேளுங்கள்.

புது இஞ்சினை முதல் சில நூறு கிலோமீட்டர் ஒரே வேகத்தில் வைத்து ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், 500-ல் ஆயிலை மாற்றுங்கள். அதன் பிறகு ஒரு வெயில் நாளில், ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு மலை ஏறிவிட்டு வந்து, இரண்டு பிளக்கையும் கழற்றி வெள்ளைப் பீங்கானைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மிளகுத்தூள் போல் கறுப்புப் புள்ளியோ வெள்ளியாக மினுக்கும் துகளோ இருந்தால், நாக்கிங் உங்கள் காதுக்குக் கேட்காமலே நடந்திருக்கிறது. மினுக்குவது பிஸ்டன் அலுமினியம். ஸ்பார்க்கை இரண்டு டிகிரி பின்னால் தள்ளி, புது பிளக் மாட்டி, அதே மலையில் மறுபடி ஏறிப் பாருங்கள். அப்போதும் புள்ளி வந்தால் கனமான கேஸ்கெட் போட்டு ஒரு கால் புள்ளி கம்ப்ரஷனைக் குறைத்துவிடுங்கள்.